வயதான மூளையிலும் ஸ்டெம் செல்கள் தீராமல் இருப்பது எப்படி?

ஜாலஹள்ளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பெரியவர்கள் மூளையிலும் ஸ்டெம் செல் உண்டு என்கிறார்களே, அது எழுபது வயது வரைக்கும் தீர்ந்துபோகாமல் எப்படி இருக்கும்? இருக்கிறதென்றால் மருந்து கொடுத்து அதைத் தட்டி எழுப்ப முடியாதா? அப்பாவுக்கு 71 வயது. ஒரு வருஷமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று இங்கே ஒரு கிளினிக்கில் பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?"

அவசரமான கேள்விக்கு முதலில் பதில். கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவைதான் நம் நாட்டில் ஏற்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை. மறதி, பக்கவாதம், ஆட்டிசம் என்று மற்ற எதற்குக் கொடுப்பதாக இருந்தாலும் அது முறையாக அனுமதி பெற்ற ஆய்வுச் சோதனைக்குள்தான் நடக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஸ்டெம் செல் என்றால் தானும் பெருகி, வேறு வகைச் செல்களையும் உண்டாக்கக்கூடிய மூலச் செல். காரணம் புரிய வேண்டுமானால், மூளைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஸ்டெம் செல் எப்படி வாழ்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரில் பல வருஷமாக சுண்டெலி மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை வைத்து வேலை செய்கிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

பாலூட்டிகளின் மூளையில் நரம்பு ஸ்டெம் செல்கள் முக்கியமாக இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று, மூளைக்கு நடுவில் திரவம் நிரம்பிய அறைகளான பக்க வென்ட்ரிக்கிள்களின் சுவர். இன்னொன்று, நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸில் டென்டேட் கைரஸ் என்ற வளைந்த பட்டையின் உள்ளோரம். வளர்ந்த எலியின் மூளையில் புதிதாக நரம்பணுக்கள் (நியூரான்கள்) பிறக்கின்றன என்று ஜோசஃப் ஆல்ட்மன் 1962-இலேயே எழுதினார். 1965-இல் கோபால் தாஸுடன் சேர்ந்து ஹிப்போகேம்பஸில் அதைக் காட்டினார். துறையில் பெரும்பாலானோர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வளர்ந்த மூளையில் புது நரம்பணு பிறக்காது என்பது அவ்வளவு ஊறிப்போன நம்பிக்கை. 1992-இல் கனடாவின் கேல்கரியில் ரெனால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து எடுத்த செல்களை, இஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதம் கலந்த தட்டில் பெருக்கி, அவற்றிலிருந்து நரம்பணுவை உண்டாக்கிக் காட்டினார்கள். 1999-இல் அல்வாரஸ்-புய்யாவின் குழு அந்த ஸ்டெம் செல் எது என்று அடையாளம் கண்டது. நரம்பணுக்களுக்குத் துணையாக மட்டும் இருப்பதாக அதுவரை நினைத்திருந்த ஆஸ்ட்ரோசைட் இனத்தின் ஒரு பிரிவுதான் அது.

அதைக் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும்? டென்டேட் கைரஸின் மெல்லிய சீவலைச் சாயம் ஏற்றி கான்ஃபோகல் நுண்ணோக்கியில் வைத்தால், நெருக்கியடித்து நிற்கும் நரம்பணுக்களின் பட்டை நீலமாகத் தெரியும். அதன் கீழ்விளிம்பில் பச்சையாக ஒரு சிறிய செல் உடல். அதிலிருந்து ஒரே ஒரு மெல்லிய தண்டு, அத்தனை நரம்பணுக்களுக்கும் இடையில் புகுந்து மேலேறி, பட்டையைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கான நுண்கிளைகளாகப் பிரிந்துவிடும். பிரியும் செல்லை, அதாவது ஒன்று இரண்டாகப் பெருகும் செல்லை மட்டும் சிவப்பாகக் காட்டும் சாயத்தையும் சேர்த்திருப்போம். பச்சைத் தண்டுள்ள செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் பெரும்பாலானவற்றில் சிவப்பே இருக்காது. எப்போதாவது ஒன்றில் தெரியும். எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் முதலில் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். சாயத்தில் குறை இல்லை. அந்தச் செல்கள் உண்மையிலேயே எந்த வேலையும் செய்யாமல் கிடக்கின்றன. உங்கள் முதல் கேள்விக்கான விடையும் அந்தச் சீவலிலேயே இருக்கிறது. இவை ஆயுள் முழுக்க நீடிக்கக் காரணம், பெரும்பாலான காலம் பிரியாமல் உறங்குவதுதான்.

நம் ஊர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும், சாப்பாட்டுக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்தாலும் விதைநெல்லைத் தனியாக எடுத்துக் கோட்டை கட்டி வைப்பார்கள் இல்லையா? மூளையும் அதைத்தான் செய்கிறது, அதுவும் பிறப்பதற்கு முன்னாலேயே. 2015-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டன. சுண்டெலியின் கர்ப்பகாலம் மூன்று வாரத்துக்கும் சற்றுக் குறைவு. அதன் நடுப்பகுதியிலேயே ஒரு சிறு கூட்டம் செல்கள் பிரிவதை மெதுவாக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகின்றன. மற்ற செல்கள் மும்முரமாக மூளையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது இவை சும்மா இருக்கின்றன. வளர்ந்த எலியின் வென்ட்ரிக்கிள் சுவரில் உள்ள ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் இந்த ஒதுங்கிய கூட்டத்தின் வழிவந்தவை. ஒதுங்க உதவும் பி57 என்ற புரதத்தைக் கருவிலேயே நீக்கிவிட்டால், வளர்ந்த பிறகு ஸ்டெம் செல் குறைந்துபோகிறது. ஹிப்போகேம்பஸில் கதை கொஞ்சம் வேறு. அங்கே கருவில் வேலை செய்த அதே பரம்பரைதான் தொடர்கிறது. பிறந்த சில வாரங்களில் அது படிப்படியாக உறக்கத்துக்குப் போகிறது.

இங்கேதான் பலரும் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உறக்கம் என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதுபோல், செய்ய ஒன்றும் இல்லாத நிலை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதை ஒவ்வொரு நிமிஷமும் சுற்றியிருக்கிறவர்கள் சேர்ந்து பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வென்ட்ரிக்கிள் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரைச் சீவாமல் முழுசாக விரித்து மேலிருந்து பார்த்தால், ஸ்டெம் செல்களின் சின்னச் சின்ன நுனிகள் நடுவில் கூடியிருக்க, சுவரின் பெரிய எபெண்டைமல் செல்கள் வட்டமாகச் சுற்றி நிற்பது தெரியும். ஆய்வாளர்கள் இந்த அமைப்புக்கு வைத்த பெயரே காற்றாடி. 2008-இல் இதை முதலில் விவரித்தார்கள். நடுவில் உள்ள ஒவ்வொரு நுனியிலும் குட்டையான ஒற்றை இழை ஒன்று மூளைத் திரவத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதே செல்லின் மறுமுனை நீண்டு போய் ஒரு ரத்தக் குழாயைத் தொடும். ஒரே செல் ஒரு பக்கம் திரவத்தையும் மறுபக்கம் ரத்தக் குழாயையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ரத்தக் குழாயைத் தொடுவது உணவுக்காக மட்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் குழாயின் உட்சுவர்ச் செல்கள் தங்கள் மேற்பரப்பில் எஃப்ரின்-பி2, ஜாக்ட்-1 என்ற புரதங்களை வைத்துக்கொண்டு, தொடும் ஸ்டெம் செல்லைப் பிரியவிடாமல் தடுக்கின்றன என்று 2014-இல் லண்டனில் காட்டினார்கள். இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. தொடுதல் ஒன்றே கட்டளையாக வேலை செய்வதை அவ்வளவு தெளிவாகக் காட்டியது.

ஹிப்போகேம்பஸில் வேறு அண்டை வீட்டார். அங்கே பார்வால்புமின் என்ற புரதம் கொண்ட ஒரு வகை இடைநரம்பணு உண்டு. அது காபா என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. பக்கத்திலிருக்கும் ஸ்டெம் செல் அந்தக் கசிவை உணர்கிறவரை உறங்குகிறது. கசிவை உணரும் வாங்கியை எடுத்துவிட்டால் விழித்துப் பிரிகிறது. 2012-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இதைக் கண்டது. அதாவது நரம்புச் சுற்று எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்ற செய்தி ஸ்டெம் செல்லுக்கு நேரடியாகவே போய்ச் சேருகிறது.

இதற்கெல்லாம் அடியில் நாட்ச், பிஎம்பி என்ற இரண்டு பழைய செய்திப் பாதைகள் ஓடுகின்றன. நாட்ச் என்பது ஒட்டி நிற்கும் செல்கள் தொட்டுப் பேசும் வழி. பிஎம்பி சுற்றுப்புறத்தில் பரவும் புரதம். இவற்றோடு, செல்லுக்குள்ளேயே உட்கார்ந்து ஜீன்களை ஆளும் ஃபாக்ஸ்ஓ3 என்ற புரதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் பிரியாதே என்றுதான் சொல்கின்றன. மூன்றையும் தனித்தனியாக, வெவ்வேறு ஆய்வகங்களில் நீக்கிப் பார்த்தார்கள். முடிவு ஒன்றேதான். முதலில் ஸ்டெம் செல்கள் விழித்துப் பெருகுகின்றன, புது நரம்பணு ஏராளமாக வருகிறது. அந்தக் கட்டத்தில் மட்டும் பார்த்தால் அற்புதமான மருந்து கிடைத்துவிட்டது என்றே தோன்றும். பிறகு சில மாதங்களில் ஸ்டெம் செல் வற்றிவிடுகிறது. புது நரம்பணு சாதாரண எலியைவிடக் குறைவாகிறது. உங்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தச் சோதனைகள்தான்.

ஏன் வற்றுகிறது? விழித்த ஸ்டெம் செல் எல்லாம் தன்னைப் போல் இன்னொன்றை விட்டுவிட்டுப் போவதில்லை. வென்ட்ரிக்கிள் சுவரில் பெரும்பாலானவை இரண்டு மகள் செல்களையும் நரம்பணுப் பாதைக்கே அனுப்பிவிட்டுக் கணக்கிலிருந்து மறைகின்றன. சிறு பகுதி மட்டும்தான் இரண்டு ஸ்டெம் செல்லாகப் பிரிந்து ஈடுகட்டுகிறது. ஹிப்போகேம்பஸைப் பற்றி 2011-இல் வந்த இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருந்தன. ஒன்று, விழித்த செல் சில முறை வேகமாகப் பிரிந்து கடைசியில் ஆஸ்ட்ரோசைட்டாக மாறித் தீர்ந்துபோகிறது என்றது. இன்னொன்று, விழித்த செல் திரும்ப உறக்கத்துக்குப் போய் நீண்ட காலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்றது. பல வருஷம் இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த முரணைத் தீர்த்தது திரும்ப உறங்கும் திறமையைப் பற்றிய ஆராய்ச்சி. லண்டனில் ஃபிரான்சுவா கில்லெமோவின் குழு ஏஎஸ்சிஎல்1 என்ற புரதத்தைப் பின்தொடர்ந்தது. ஸ்டெம் செல்லை விழிக்க வைப்பது இதுதான். உறங்கும் செல்லிலும் இதற்கான ஜீன் ஓடிக்கொண்டிருக்கும், புரதமும் உருவாகும். ஆனால் அது நிலைக்காமல் உடனுக்குடன் அழிக்கப்பட்டுவிடும். விழித்த செல்லில் ஹியூவி1 என்ற இன்னொரு புரதம் வேலை செய்து ஏஎஸ்சிஎல்1-ஐக் குறைத்தால், செல் மறுபடி உறக்கத்துக்குப் போகிறது. ஹியூவி1-ஐ நீக்கிய எலிகளில் விழித்த செல் திரும்ப உறங்க முடியாமல், கையிருப்பு கரைந்தது. 2021-இல் அதே குழு காட்டியது இன்னும் முக்கியமானது. இளம் எலியில் விழித்த செல்கள் பெரும்பாலும் செலவாகிவிடுகின்றன, அதனால் கையிருப்பு வேகமாகச் சரிகிறது. வயது ஏற ஏற, விழித்தவற்றில் திரும்ப உறங்குபவை அதிகமாகின்றன, உறங்குபவையும் இன்னும் ஆழமாக உறங்குகின்றன. சரிவின் வேகம் குறைகிறது. 2011-இல் இரண்டு குழுக்களும் பார்த்தது உண்மைதான், இரண்டு வகை நடத்தையும் ஒரே மூளையில் உண்டு.

உறங்கும் செல்லின் உட்புறமும் தனி உலகம். அது கொழுப்பை எரித்து வாழ்கிறது. விழித்தால் கொழுப்பைப் புதிதாகக் கட்ட ஆரம்பிக்கிறது, பிரிய வேண்டுமானால் சவ்வுக்குக் கொழுப்பு வேண்டுமே. உறங்கும் செல்லுக்குள் லைசோசோம் என்ற, கழிவுகளைச் சிதைக்கும் பைகள் பெரிதாக, தேங்கிய புரதங்களோடு இருக்கும். வயதான எலியில் அவை மந்தமாகி, செல் விழிக்கும் திறனை இழக்கிறது. லைசோசோமைத் தூண்டிவிட்டால் அந்தத் திறன் ஓரளவு திரும்புகிறது. இது 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆன் புருனேயின் ஆய்வகம் கண்டது. அதே ஆய்வகம் 2024-இல், வயதான ஸ்டெம் செல் குளுக்கோஸை அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது என்றும், குளுட்4 என்ற குளுக்கோஸ் வாயிலை நீக்கினால் கிழ எலியிலும் விழிப்பு கூடுகிறது என்றும் எழுதியது. இதோடு வயதான மூளையில் அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. இளம் எலியின் வென்ட்ரிக்கிள் சுவரில் அரிதான டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் கிழ எலியில் நுழைந்து இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தை விட்டு ஸ்டெம் செல்லை அடக்குகின்றன. முதுமையின் பிரச்சினை செல் இல்லாமல் போவது மட்டும் அல்ல. மிச்சமிருப்பவை எழ முடியாத அளவுக்கு ஆழ்ந்துவிடுவதும்தான்.

மும்பை கொலாபாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் ஆய்வகம் இந்தத் துறையில் நம் நாட்டின் முக்கியமான பெயர். மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள்கள் ஹிப்போகேம்பஸின் ஸ்டெம் செல்களை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பது அவர்கள் தொடர்ந்து செய்துவரும் வேலைகளில் ஒன்று. நார்அட்ரினலின் நேரடியாகவே இந்தச் செல்களைத் தூண்டுகிறது என்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து குழுவோடு சேர்ந்து 2010-இல் காட்டினார்கள்.

இவ்வளவும் எலியில். மனிதனில்? 1998-இல் சுவீடனின் எரிக்சனும் அமெரிக்காவின் கேஜும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்டியின் வளர்ச்சியை அளக்க, பிரியும் செல்லின் டிஎன்ஏவில் ஒட்டும் பொருளைச் சில புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த நோயாளிகள் இறந்த பிறகு ஹிப்போகேம்பஸைப் பார்த்தபோது, நரம்பணுக்களிலும் அந்த அடையாளம் இருந்தது. 2013-இல் சுவீடனில் யோனாஸ் ஃபிரிசெனின் குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 நரம்பணுக்களின் டிஎன்ஏவில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து, ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளுக்குச் சுமார் 700 புது நரம்பணுக்கள் சேர்வதாகக் கணக்கிட்டது. 2018-இல் அல்வாரஸ்-புய்யாவின் குழு, பெரியவர்களில் தேடியும் கிடைக்கவில்லை என்றது. மறுவருஷம் மாட்ரிட்டிலிருந்து, 87 வயது வரை இளம் நரம்பணுக்கள் ஏராளமாகத் தெரிகின்றன, அல்சைமர் நோயாளிகளில் குறைகின்றன என்று வந்தது. மாட்ரிட் குழு ஒரு செய்முறை விஷயத்தை வலியுறுத்தியது. இறந்த மூளையை ஃபார்மலின் வகை திரவத்தில் எவ்வளவு நேரம் ஊறவைக்கிறோம் என்பதைப் பொறுத்தே இளம் நரம்பணுவின் அடையாளப் புரதம் சாயத்தில் தெரியும் அல்லது மறையும். இதைச் சொன்னால் வெளியாட்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். சீவல் போட்டுப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நம் நிம்ஹான்ஸில் உள்ள மனித மூளை வங்கி போன்ற இடங்களில் தானமாக வரும் மூளையை எவ்வளவு சீக்கிரம், எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்பது இந்த ஆராய்ச்சிக்கு உயிர்நாடி. 2025-இல் ஃபிரிசெனின் குழு ஒவ்வொரு செல் உட்கருவின் ஆர்என்ஏவையும் தனித்தனியாகப் படித்து, வளர்ந்த மனிதர்களிலும் பிரியும் முன்னோடிச் செல்கள் உண்டு என்று காட்டியது. ஆளுக்கு ஆள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம். சிலரில் அனேகமாக இல்லை. மனிதரில் இது உண்டு, ஆனால் எலியைவிட மிகக் குறைவு என்பதே என் முடிவு. வென்ட்ரிக்கிள் சுவரைப் பொறுத்தவரை, அங்கிருந்து புது நரம்பணுக்கள் கிளம்பிப் போவது குழந்தைப் பருவத்தின் ஆரம்பத்திலேயே அனேகமாக நின்றுவிடுகிறது.

இனி, தட்டி எழுப்பலாமா? எழுப்புவது ஆய்வகத்தில் எளிது. கையிருப்பைக் கரைக்காமல், எழுந்த செல் திரும்பவும் உறங்கும்படி எழுப்புவதுதான் கடினம். அதற்கு மருந்து இன்று இல்லை. இன்னொரு பயமும் உண்டு. 2018-இல் தென்கொரியக் குழு, கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டி உள்ள பலரில், கட்டியைத் தூண்டும் மரபணுப் பிழை கட்டிக்கு வெகு தூரத்தில், வென்ட்ரிக்கிள் சுவரின் ஆஸ்ட்ரோசைட் போன்ற ஸ்டெம் செல்களிலேயே இருந்ததைக் கண்டது. பிழை ஏறிய செல்லையும் சேர்த்து எழுப்பிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் யாரும் இப்படிப்பட்ட மருந்தை மனிதருக்குக் கொடுக்கக் கூடாது.

இப்போது அந்த ஊசி. மேலே சொன்ன காற்றாடி, ரத்தக் குழாயின் தொடுதல், காபாவின் கசிவு எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஸ்டெம் செல்லை அடக்கத்தில் வைத்திருக்கின்றன. இந்த மாதிரி கிளினிக்குகள் பெரும்பாலும் கொடுப்பது எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த செல். அது டென்டேட் கைரஸில் போய் உட்கார்ந்து நரம்பணுவாகி மறதியைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சரி, உண்மையான நரம்பு ஸ்டெம் செல்லையே போட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. அடாக்ஸியா டெலாஞ்சியெக்டேசியா என்ற பரம்பரை நோய் உள்ள ஒரு சிறுவனுக்கு மாஸ்கோவில் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை மூளையிலும் முதுகுத் தண்டுத் திரவத்திலும் செலுத்தினார்கள். நாலு வருஷம் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். சோதித்தபோது கட்டியின் செல்கள் அவனுடையவை அல்ல, கொடுக்கப்பட்டவை. 2009-இல் இஸ்ரேல் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையை இப்போது படித்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அந்தக் கிளினிக்கில் மறுபடி கூப்பிட்டால், இது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிவானதா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். முறையான சோதனை என்றால் அதில் சேருகிறவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்பதே போதுமான பதில்.

ஓடும் சக்கரம் வைத்த கூண்டில் வளர்ந்த சுண்டெலிகளில் புது நரம்பணு ஏறக்குறைய இரட்டிப்பானதை 1999-இல் காட்டினார்கள். மனிதரில் 2011-இல் 120 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வருஷம் வேக நடை நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பருமன் சுமார் 2 சதவீதம் கூடியது. அந்தக் கூடுதல் புது நரம்பணுவால் வந்தது என்று சொல்ல முடியாது, ரத்தக் குழாய்களும் மற்ற மாற்றங்களும் காரணமாக இருக்கலாம். எப்படியானாலும் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. அப்பாவுக்கு முழங்கால் இடம் கொடுத்தால் காலையில் நடக்கச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம், மறதிக்குக் காரணம் என்ன என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, காது சரியாகக் கேட்காதது, தினமும் போடும் தூக்க மாத்திரை அல்லது அலர்ஜி மாத்திரை, இவை எல்லாமே மறதி போலவே காட்டும், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். சுத்த சைவமாக இருந்தால் பி12-ஐக் கட்டாயம் பாருங்கள். அப்பா இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு, நிம்ஹான்ஸிலோ பக்கத்திலோ ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எந்த மாதத்திலிருந்து என்னென்ன மறந்தார் என்று அம்மாவைக் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தமாதிரி. ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், என்ன அர்த்தம் என்று சேர்ந்து பார்ப்போம்.